டெரிக் ரோஸுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 செப்டம்பரில் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் டெரிக் ரோஸ் ஓய்வை அறிவித்த நாளிலிருந்து கூடைப்பந்து ரசிகர்களிடம் ஒரே வாக்குவாதம். ஒரு பக்கம், "எம்.வி.பி வாங்கினவர், உள்ளே போகாமல் எப்படி?" மறுபக்கம், "மூணே மூணு ஆல்-ஸ்டார், கோப்பையும் இல்லை, எதற்கு இடம்?" (எம்.வி.பி என்பது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆல்-ஸ்டார் என்பது ஆண்டின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வாவது.) திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். அடிப்படைக் கேள்விகள் முதலில். விஷயம் தெரிந்தவர்கள் நேராக நடுவிலிருந்து படிக்கலாம்.

ஹால் ஆஃப் ஃபேம்னா என்ன? என்.பி.ஏ கொடுக்கிற விருதா?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. இதன் முழுப்பெயர் நெய்ஸ்மித் நினைவு கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம். 1891-ல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் பெயரில், ஆட்டம் பிறந்த ஊரான அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. முதல் குழு 1959-ல் தேர்வானது. தொழில்முறை லீக்கான என்.பி.ஏ இதை நடத்துவதில்லை.

என்.பி.ஏ-வுக்கென்று தனியாக ஒரு ஹால் கிடையாது. கல்லூரி ஆட்டம், பெண்கள் ஆட்டம், ஒலிம்பிக், ஐரோப்பிய லீக், பயிற்சியாளர், நடுவர் என எல்லாருக்கும் இந்த ஒரே கட்டடம்தான். முழு அணிகளையும் சேர்ப்பார்கள்: ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் 2002-ல், 1992-ன் அமெரிக்க 'ட்ரீம் டீம்' 2010-ல். இதை மனதில் வையுங்கள், ரோஸ் விஷயத்தில் பின்னால் பெரிய வேலை செய்யப் போகிறது.

யார் ஓட்டுப் போடுறாங்க? ரசிகர்களுக்குப் பங்கு இருக்கா?

ரசிகர் ஓட்டு கிடையாது. வட அமெரிக்க ஆட்டக்காரர் என்றால் இரண்டு படிகள். முதலில் ஒன்பது பேர் கொண்ட சல்லடைக் குழு. அதில் ஏழு பேர் சம்மதித்தால்தான் ஒருவர் இறுதிப் பட்டியலுக்குப் போவார். பிறகு 24 பேர் கொண்ட இறுதிக் குழு. அங்கே 18 ஓட்டு வேண்டும், அதாவது நான்கில் மூன்று பங்கு. பெண்கள், பழைய தலைமுறை ஆட்டக்காரர்கள், வெளிநாட்டவர் ஆகியோருக்குத் தனித்தனிக் குழுக்கள்.

குழுவில் யார் இருக்கிறார்கள் என்று வெளியே சொல்வதில்லை. யார் எத்தனை ஓட்டு வாங்கினார் என்றும் சொல்வதில்லை. பேஸ்பால் ஹாலில் ஒவ்வொருவரும் வாங்கிய சதவீதம் வரை பத்திரிகையில் வரும். இங்கே உள்ளே, வெளியே என்ற இரண்டே சேதிதான். "ஏன் அவர் வரவில்லை?" என்று காரணம் சொல்கிற எவரும் ஊகத்தைத்தான் சொல்கிறார்.

ஓய்வு பெற்று எத்தனை வருஷம் காத்திருக்கணும்? ரோஸ் முறை எப்போ?

காத்திருப்புக் காலத்தை ஹால் சமீப ஆண்டுகளில் பலமுறை குறைத்திருக்கிறது. அதனால் பழைய கட்டுரையில் "ஐந்து ஆண்டு" என்று படித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். கோபி பிரையன்ட் 2016-ல் ஆடி முடித்து 2020 குழுவில் வந்தார். கார்மெலோ ஆந்தனி கடைசியாக ஆடியது 2022 ஏப்ரல். 2025 குழுவில் வந்துவிட்டார். ரோஸ் மெம்ஃபிஸ் கிரிஸ்லிஸுக்காகக் கடைசியாக ஆடியது 2023-24 சீசனில். கார்மெலோ கணக்கை அப்படியே வைத்தால் 2027 குழுதான் அவருக்கு முதல் வாய்ப்பு.

ரோஸ் யாருன்னே தெரியாது. சுருக்கமா சொல்லுங்க.

சிகாகோவின் ஏழ்மையான எங்கிள்வுட் பகுதியில் 1988 அக்டோபர் 4-ல் பிறந்தவர். மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு சீசன் ஆடினார். 2008 டிராஃப்டில் (அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) முதல் ஆளாக அவரை எடுத்தது சொந்த ஊர் அணியான சிகாகோ புல்ஸ். 2009-ல் ஆண்டின் சிறந்த புதுமுகம். அந்த ஏப்ரலில் பாஸ்டனுக்கு எதிராக ஆடிய முதல் பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று) ஆட்டத்திலேயே 36 புள்ளி எடுத்து, பிளேஆஃப் அறிமுகத்தில் கரீம் அப்துல்-ஜப்பார் வைத்திருந்த சாதனையைச் சமன் செய்தார். 2010, 2011, 2012 மூன்றிலும் ஆல்-ஸ்டார். 2011-ல் எம்.வி.பி. அப்போது வயது 22. அந்த விருதை வாங்கியவர்களில் அவரை விட இளையவர் கிடையாது.

2012 ஏப்ரல் 28-ல் முழங்கால் போனது. அதற்குப் பிறகும் பல அணிகளில் 2024 வரை ஆடினார். மொத்தம் 723 லீக் ஆட்டங்கள், சராசரி 17.4 புள்ளி, 5.2 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்).

2010-11ல அப்படி என்ன ஆடிட்டார்?

81 ஆட்டங்களில் சராசரியாக 25.0 புள்ளி, 7.7 அசிஸ்ட், 4.1 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது). புல்ஸ் 62 ஆட்டங்களை வென்று லீக்கிலேயே முதலிடம் பிடித்தது. 121 முதலிட ஓட்டுகளில் 113 ரோஸுக்கு விழுந்தன. ஆல்-என்.பி.ஏ முதல் அணியிலும், அதாவது சீசனின் சிறந்த ஐவரிலும், இடம்.

25 புள்ளி என்பது இன்றைய கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். அந்த சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு எடுத்த சராசரி 99.6 புள்ளி, 2018-19-ல் அது 111.2. ஆட்டத்தின் வேகமும் குறைவு: அன்று ஓர் அணி கையில் பந்து வந்தது சுமார் 92 முறை, எட்டு ஆண்டு கழித்து சுமார் 100 முறை. பந்து குறைவாகக் கிடைத்த காலத்து 25 அது. புல்ஸில் அன்று தானாக ஷாட் உருவாக்கத் தெரிந்தவர் ரோஸ் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எதிரணி மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்குள் புகுந்து ஏறுவார்.

அந்த எம்.வி.பியே தப்பு, லெப்ரானுக்குத்தான் கொடுத்திருக்கணும்னு சொல்றாங்களே?

இந்த வாதத்தில் சத்து இருக்கிறது. லெப்ரான் ஜேம்ஸ் அந்த சீசனில் 26.7 புள்ளி, 7.5 ரீபவுண்ட், 7.0 அசிஸ்ட். புள்ளி எடுக்கும் திறமையை அளக்க 'உண்மை ஷூட்டிங் சதவீதம்' என்று ஒன்று உண்டு. இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ மூன்றையும் ஒரே தராசில் வைக்கிற கணக்கு. அதில் ரோஸ் 55 சதவீதம், லீக் சராசரி 54-ஐத் தாண்டி ஒரு படி மேலே, அவ்வளவுதான். லெப்ரான் 59-க்கும் மேல். தவிர, அந்த புல்ஸின் முதுகெலும்பு பயிற்சியாளர் டாம் திபடோ அமைத்த தடுப்பாட்டம். அவருக்கும் அந்த ஆண்டு சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது.

ஆனால் ஹால் குழு பழைய ஓட்டுப்பெட்டியைத் திறந்து மறுபடி எண்ணுவதில்லை. விருதுப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதே அங்கே கணக்கு. லெப்ரான் அப்போதுதான் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போயிருந்தார். ஓட்டுப் போட்டவர்களின் கோபமும் அதில் கலந்திருக்கலாம். அதற்காக ரோஸ் வாங்கிய விருது அரை விருது ஆகிவிடாது.

தடுப்பாட்டம்தான் ஜெயிக்க வெச்சதுன்னா, ரோஸ் இல்லாமலும் புல்ஸ் ஜெயிச்சிருக்கும்தானே?

இதைச் சோதித்துப் பார்க்க அடுத்த சீசனே ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. 2011-12 லீக் கதவடைப்பால் 66 ஆட்டமாகக் குறைந்தது. ரோஸ் சின்னச் சின்னக் காயங்களால் 39 ஆட்டம்தான் ஆடினார். அவர் ஆடியபோது 32 வெற்றி, 7 தோல்வி. அவர் ஆடாதபோது 18 வெற்றி, 9 தோல்வி. அதே பயிற்சியாளர், அதே தடுப்பாட்டம். அவர் முழுவதுமாக வெளியே இருந்த 2012-13-ல் 45 வெற்றி, 37 தோல்வி.

ஆக, ரோஸ் இல்லாத புல்ஸ் நல்ல அணி. ரோஸ் இருந்த புல்ஸ் கோப்பைக்குப் போட்டியிடும் அணி. இரு தரப்பும் பாதி சரி என்பதற்கு இதை விடச் சுத்தமான ஆதாரம் அரிதாகவே கிடைக்கும்.

பிளேஆஃப்ல சொதப்பினார்னு கேள்விப்பட்டேன்.

2011 கிழக்குப் பிரிவு இறுதித் தொடரைத்தான் சொல்கிறார்கள். மயாமிக்கு எதிரான முதல் ஆட்டத்தை புல்ஸ் 103-82 என்று வென்றது. பிறகு வரிசையாக நாலு தோல்வி. கடைசி நிமிடங்களில் லெப்ரானே ரோஸைக் காவல் காக்க ஆரம்பித்தார். அவரை விட உயரமும் எடையும் கூடிய, அதே வேகம் கொண்ட ஒருவர் முன்னால் நின்றதும் கூடைக்குப் போகும் வழி அடைபட்டது. வெளியிலிருந்து எறிவது ரோஸின் பலம் அல்ல. அந்த சீசனில் அவரது மூன்று புள்ளி எறிதல் 33 சதவீதம்தான். இரண்டாவதாக ஒரு ஷாட் உருவாக்குபவர் இல்லாத அணிக்கு நடப்பது நடந்தது.

இது அவர் பேரில் இருக்கும் உண்மையான குறைதான். ஆனால் பிளேஆஃபில் பயந்தவர் என்பது சரியல்ல. 2015-ல் மூன்று முறை முழங்கால் அறுவை முடிந்த பிறகும், கிளீவ்லாந்துக்கு எதிரான மூன்றாம் ஆட்டத்தில் கடைசி நொடியில் பலகையில் அடித்து மூன்று புள்ளி போட்டு வென்று கொடுத்தார்.

முழங்காலுக்கு என்னதான் ஆச்சு? ஏ.சி.எல் போனவங்க நிறைய பேர் திரும்பி வராங்களே?

2012 பிளேஆஃபின் முதல் ஆட்டம், எதிரணி பிலடெல்பியா. புல்ஸ் 12 புள்ளி முன்னிலை, மீதி 1 நிமிடம் 22 நொடி. இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஊன்றித் திசை மாறும் அவரது வழக்கமான நகர்வில், இடது முழங்காலின் ஏ.சி.எல் தசைநார் அறுந்தது. அன்று அவர் எடுத்தது 23 புள்ளி, 9 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். முதலிட அணியான புல்ஸ் எட்டாமிட அணியிடம் தொடரையே இழந்தது. அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை.

ஏ.சி.எல் ஒன்றோடு முடிந்திருந்தால் கதை வேறு. 2013 நவம்பரில் வலது முழங்காலின் மெனிஸ்கஸ் கிழிந்தது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு அது. அப்போது தைத்தார்கள். தைத்தால் ஆறப் பல மாதம் ஆகும், சீசன் போகும், ஆனால் மெத்தை மிஞ்சும். 2015 பிப்ரவரியில் அதே முழங்காலில் மறுபடி கிழிந்தபோது சேதமான பகுதியை வெட்டி எடுத்தார்கள். வெட்டினால் சில வாரத்தில் திரும்பலாம், ஏப்ரலில் திரும்பியும் விட்டார். ஆனால் மெத்தை குறைந்தது குறைந்ததுதான். 2017-ல் நியூயார்க்கில் இடது முழங்காலின் மெனிஸ்கஸும் கிழிந்தது. தாண்டுவதும் சட்டென்று நிற்பதுமே மூலதனமாக ஆடியவருக்கு இரண்டு காலும் போனால் மிச்சம் என்ன இருக்கும்?

காயம் மட்டும் ஆகலைன்னா நிச்சயம் ஹால்தானே? அதையே கணக்கில் வெச்சா என்ன?

வைக்க முடியாது. நடக்காத ஆட்டத்துக்கு யாரும் புள்ளி எழுதுவதில்லை. "காயம் ஆகாமல் இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தால் பிராண்டன் ராயும் பென்னி ஹார்டவேயும் வாசலில் வந்து நிற்பார்கள், இன்னும் ஒரு நூறு பேரும் நிற்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: காயத்துக்கு முன்னால் நிஜமாக நடந்தது போதுமா? குறுகிய வாழ்க்கையோடு உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள் என்று பார்த்தால்தான் ரோஸின் பிரச்சினை புரியும்.

சரி, குறைஞ்ச ஆட்டம் ஆடி உள்ளே போனவங்க யார் யார்?

பில் வால்டன்: 468 லீக் ஆட்டங்கள்தான். ஆனால் 1977-ல் போர்ட்லாந்துக்குக் கோப்பை, 1978-ல் எம்.வி.பி, 1986-ல் பாஸ்டனில் இன்னொரு கோப்பை. அதற்கும் மேலாக, யு.சி.எல்.ஏ கல்லூரிக்காக 1972, 1973 இரண்டு ஆண்டும் சாம்பியன். 1993-ல் சேர்க்கப்பட்டார். யாவ் மிங்: 486 ஆட்டங்கள், 8 ஆல்-ஸ்டார், கூடவே ஒரு முழு நாட்டுக்கே இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனவர் என்ற பெயர். 2016-ல் வந்தார். ரால்ஃப் சாம்ப்ஸன்: 456 ஆட்டங்கள், கல்லூரியில் மூன்று முறை நாட்டின் சிறந்த ஆட்டக்காரர், 2012. கிராண்ட் ஹில்: கணுக்கால் போனவர், ஆனால் டியூக் கல்லூரிக்கு இரண்டு பட்டம், 7 ஆல்-ஸ்டார், 2018. மோரிஸ் ஸ்டோக்ஸ் மூன்றே சீசன் ஆடியவர். 1958-ல் ஆட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டு முடங்கிப்போனார். மூன்று சீசனிலும் ஆல்-ஸ்டார். அவருக்கு 2004-ல்தான் கதவு திறந்தது, அதுவும் இறந்து பல ஆண்டு கழித்து.

ஸ்டோக்ஸ் தனிக்கதை, அவரை விட்டுவிட்டு மற்ற நால்வரையும் பாருங்கள். எல்லாரிடமும் என்.பி.ஏ-வுக்கு வெளியே ஒரு பெரிய மூட்டை இருக்கிறது. கல்லூரி ஆட்டச் சாதனை, அல்லது ஒரு தேசம். முதல் பதிலில் சொன்னது இதற்காகத்தான்: இது கூடைப்பந்து ஹால், என்.பி.ஏ ஹால் அல்ல. ரோஸிடம் அந்த வெளி மூட்டை மெலிசு.

ஏன் மெலிசு? மெம்ஃபிஸை ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனாரே?

கொண்டுபோனார். 2007-08-ல் மெம்ஃபிஸ் 38 வெற்றி, 2 தோல்வி. இறுதியில் கன்சாஸிடம் கூடுதல் நேரத்தில் 75-68 என்று தோற்றது. ஆனால் ரோஸின் கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண் செல்லாது என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. கல்லூரி விளையாட்டு அமைப்பு 2009-ல் அந்த சீசன் வெற்றிகளை மொத்தமாக ஏட்டிலிருந்து அடித்துவிட்டது. ஓட்டுப் போடுபவர் ஆட்டத்தைப் பார்த்திருப்பார், மறக்க மாட்டார். ஆனால் விண்ணப்பத்தில் எழுதிக் காட்ட அந்த ஆண்டு உதவாது.

அமெரிக்க அணிக்காக 2010, 2014 உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியிருக்கிறார். நல்லதுதான், ஒலிம்பிக் தங்கம் அளவுக்கு எடை கிடையாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது முழங்கால் அறுவை முடிந்து தேறிக்கொண்டிருந்தார்.

எம்.வி.பி வாங்கின எல்லாரும் ஹால்ல இருக்காங்களாமே? அப்புறம் என்ன பேச்சு?

ஆமாம், 1956-ல் பாப் பெட்டிட் வாங்கியதிலிருந்து, தகுதிக் காலம் வந்த எல்லா எம்.வி.பி-களும் உள்ளே இருக்கிறார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை. 1976-ல் மூடப்பட்ட ஏ.பி.ஏ லீக்கின் எம்.வி.பி-கள்கூட ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள்.

ஆனால் இதை விதி என்று நினைக்காதீர்கள். எம்.வி.பி-கள் உள்ளே போனது அந்த ஒரு விருதால் மட்டும் அல்ல. அந்த விருதை வாங்கும் அளவுக்கு ஆடியவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டு அப்படியே ஆடினார்கள். வால்டனை விட்டால் ரோஸ் மட்டும்தான் விருதையும் நீண்ட உச்சத்தையும் பிரித்துக் காட்டுகிற ஆள். எம்.வி.பி வாங்கியவர்களில் மூன்றே மூன்று ஆல்-ஸ்டாரோடு, ஒரே ஒரு ஆல்-என்.பி.ஏ தேர்வோடு நின்றவர் வேறு யார்? வால்டனுக்குக்கூட இரண்டு ஆல்-ஸ்டார்தான், ஆனால் அவர் மூட்டையை மேலே பார்த்தோம். ஆகவே "எல்லா எம்.வி.பி-யும் இருக்கிறார்கள்" என்பது, இதுவரை இப்படியொரு வழக்கு வந்ததில்லை என்பதற்கு மேல் எதையும் நிரூபிக்கவில்லை.

மைக்கேல் கூப்பரே உள்ளே போயிட்டார். ஒரு ஆல்-ஸ்டார் கூட இல்லாதவர். ரோஸுக்கு என்ன குறைச்சல்?

கூப்பர் 2024-ல் சேர்ந்தார். ஆல்-ஸ்டார் பூஜ்யம், சரி. ஐந்து கோப்பை, 1987-ல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. அவருக்கான வாதமே வேறு வகை. மனு ஜினோபிலிக்கு இரண்டே ஆல்-ஸ்டார். நாலு கோப்பை, 2004-ல் அர்ஜென்டினாவுக்கு ஒலிம்பிக் தங்கம், ஐரோப்பியக் கோப்பை. அதுவும் வேறு வகை.

உள்ளே இருப்பவர்களிலேயே பலவீனமான ஒருவரைத் தேடிப் பிடித்து, "இவர் இருக்கிறாரே, என் ஆள் ஏன் கூடாது" என்று கேட்பது வசதியான வழி. அந்த வழியில் போனால் ஆண்டுக்கு ஒரு படி தரை இறங்கிக்கொண்டே போகும். ஏழு கோப்பை வாங்கிய ராபர்ட் ஹாரி இன்னும் வெளியேதான் இருக்கிறார், அதை மட்டும் இந்தக் கட்சி சொல்வதில்லை. ஒப்பிடுவதானால் அதே வகை ஆளோடு ஒப்பிடுங்கள்.

அதே வகை ஆள்னா யாரு?

மேலே ட்ரேசி மெக்ரேடி, கீழே பென்னி ஹார்டவே.

மெக்ரேடி கல்லூரியே போகவில்லை, ஆகவே வெளி மூட்டை அறவே கிடையாது. முன்னணி ஆட்டக்காரராக ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வென்றதில்லை. ஆனாலும் 2003, 2004 இரண்டு முறை லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவர், 7 ஆல்-ஸ்டார், 2017-ல் சேர்க்கப்பட்டார். ஹார்டவே 1995, 1996 இரண்டு முறை ஆல்-என்.பி.ஏ முதல் அணி, 4 ஆல்-ஸ்டார், 1996 ஒலிம்பிக் தங்கம், பிறகு முழங்கால். 2025 குழு வரை ஆட்டக்காரராக அவருக்கு அழைப்பு வரவில்லை.

ரோஸ் இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறார். உச்சத்தின் நீளத்தில் ஹார்டவேயை விடச் சற்றுக் குறைவுதான், சொல்லத் தயங்க வேண்டாம். உச்சத்தின் உயரத்தில் இருவரையும் தாண்டியவர். அவர்கள் இருவருமே எம்.வி.பி வாங்கியதில்லை. அந்த ஒரு விருது எவ்வளவு எடை தாங்கும் என்பதில்தான் வழக்கு முழுதும் நிற்கிறது.

காயத்துக்குப் பிறகு ஆடினதுக்கு மதிப்பு கிடையாதா? ஐம்பது புள்ளி எடுத்தாரே?

2018 அக்டோபர் 31, மினசோட்டாவுக்காக யூட்டாவுக்கு எதிராக 50 புள்ளி. அதே ஆண்டின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அவரை யூட்டாவுக்கு மாற்ற, யூட்டா அவரை ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் விடுவித்திருந்தது. அந்த யூட்டாவுக்கு எதிராக இது. அந்த சீசனில் சராசரி 18 புள்ளி. 2020-21-ல் டெட்ராய்ட்டிலிருந்து நியூயார்க் போய், சிறந்த மாற்று ஆட்டக்காரர் ஓட்டில் மூன்றாம் இடம்.

ஹால் கணக்கில் இவை தனியாக எடை போடாது. ஆனால் மொத்த எண்ணிக்கையை 723 ஆட்டம், 12,573 புள்ளி வரை கொண்டுவந்தது இந்த ஆண்டுகள்தான். அதோடு மனிதர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை ஒன்று: 2021 எம்.வி.பி தேர்வில் ரசிகர்களுக்கென்று இருந்த ஒற்றை ஓட்டு முதலிடத்துக்கு ரோஸைத்தான் காட்டியது. ஹாலில் ரசிகர் ஓட்டு இல்லாதது அவருக்கு நஷ்டம்.

புல்ஸ் அவர் ஜெர்சியை ஓய்வு கொடுக்குதே, அது ஹாலுக்கு உதவுமா?

நேரடித் தொடர்பு கிடையாது. ஜெர்சிக்கு ஓய்வு என்பது (அந்த எண்ணை இனி யாருக்கும் தராமல் விடுவது) அணி நிர்வாகத்தின் சொந்த முடிவு. ரோஸின் 1-ஆம் எண்ணுக்கு ஓய்வு தரப்போவதாக புல்ஸ் 2025 ஜனவரியில் அறிவித்தது. அதற்கு முன் அந்த மரியாதை பெற்ற எண்கள் நான்கு: ஜெர்ரி ஸ்லோன், பாப் லவ், மைக்கேல் ஜோர்டன், ஸ்காட்டி பிப்பன். இதில் பாப் லவ் ஹாலில் இல்லை. ஊர் வேறு, ஹால் வேறு.

மைதானத்துக்கு வெளியே நடந்த விஷயங்கள் தடையாகுமா?

ஆட்டத்தின் நேர்மைக்குக் கேடு செய்தவரை நிராகரிக்க ஹாலுக்கு அதிகாரம் உண்டு. மெம்ஃபிஸ் விவகாரம் மேலே வந்துவிட்டது. 2016-ல் ரோஸ் மீது பாலியல் வன்முறை தொடர்பாக ஒரு சிவில் வழக்கு நடந்தது. அவர் பொறுப்பாளி அல்ல என்று ஜூரி தீர்ப்பளித்தது. ஓட்டுப் போடுபவர் மனதில் இவை எந்த அளவு இருக்கும் என்பது, முன்பு சொன்னபடி, மூடிய கதவுக்குள் இருக்கும் விஷயம்.

இணையத்துல 'ஹால் வாய்ப்பு சதவீதம்'னு போடறாங்களே, அதை நம்பலாமா?

புள்ளிவிவரத் தளத்தில் வரும் அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். உயரம், கோப்பை, லீக் முன்னணிப் பட்டியல்களில் எத்தனை முறை வந்தார், சிறந்த சீசனின் வெற்றிப் பங்கு (அணியின் வெற்றிகளில் அவர் பங்கு எவ்வளவு என்ற கணக்கு), ஆல்-ஸ்டார் எண்ணிக்கை: இவற்றை வைத்துப் பழைய தேர்வுகளோடு பொருத்துகிறார்கள். எம்.வி.பி விருது அதில் தனிக் காரணியாக இல்லை. கல்லூரியும் இல்லை, உலக ஆட்டமும் இல்லை. நீண்டகாலம் ஆடியவருக்கு அது நன்றாக வேலை செய்யும். ஒரே விருதில் தொங்கும் ரோஸ் போன்றவருக்கு அது மிகக் குறைவாகக் காட்டும். யாவ் மிங்கின் சீனாவையும் அது பார்க்காது.

நானே ஒருத்தரை எடைபோடணும்னா எதை முதல்ல பார்க்கணும்?

ஆல்-ஸ்டாரை விட்டு ஆல்-என்.பி.ஏ அணிகளை முதலில் எண்ணுங்கள். ஆல்-ஸ்டாரில் தொடக்க வீரர்களுக்கு ரசிகர் ஓட்டு கலக்கிறது, ஆல்-என்.பி.ஏ என்பது சீசன் முடிந்தபின் லீக்கின் முதல் 15 பேர் யார் என்ற தேர்வு. அடுத்து, உச்ச ஆண்டுகள் எத்தனை, அவற்றில் அவர் ஆடிய ஆட்டங்கள் எத்தனை என்று பாருங்கள். ரோஸின் முதல் நாலு சீசனில் 279 ஆட்டம். அதுதான் அவரது உச்சம் முழுவதும். பிறகு பிளேஆஃப். புள்ளிகளை எப்போதும் அந்தக் காலத்து லீக் சராசரியோடு வைத்தே படியுங்கள், மேலே 99.6, 111.2 என்று பார்த்தது போல. கடைசியாக என்.பி.ஏ-வுக்கு வெளியே உள்ள மூட்டை. பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

சுத்தி வளைக்காதீங்க. உங்க முடிவு என்ன?

சேர்க்கலாம், மயிரிழையில். காரணம், எல்லா எம்.வி.பி-யும் இருக்கிறார்கள் என்பதல்ல. லெப்ரான், டுவைட் ஹோவர்ட், கோபி எல்லாரும் முழு பலத்தோடு ஆடிய ஒரு சீசனில், 62 வெற்றி பெற்ற அணியை 22 வயதில் தோளில் சுமந்தார். அடுத்த ஆண்டின் 32-7 அது தற்செயல் இல்லை என்று காட்டியது. ஹாலின் தரை மெக்ரேடி இருக்கும் உயரத்தில் இருந்திருந்தால் 'வேண்டாம்' என்றே சொல்லியிருப்போம். அந்தத் தரை அவ்வளவு உயரத்தில் இல்லை. ரோஸ் வந்தால் ஹார்டவேக்கும் ஒரு நியாயமான வாய்ப்பு தர வேண்டும். அவரை விட்டுவிட்டு இவரை மட்டும் எடுப்பது உறுத்தும்.

முதல் முறை வரலைன்னா அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. மறுபடி பெயர் வரலாம். கிறிஸ் வெப்பர் 2008-ல் ஆடி முடித்து 2021-ல்தான் வந்தார். டிம் ஹார்டவே (பென்னி அல்ல, வேறொருவர்) 2003-ல் முடித்து 2022-ல். 1975-ன் எம்.வி.பி பாப் மெக்அடூ 2000 வரை காத்திருந்தார். இறுதிப் பட்டியலை வழக்கமாகப் பிப்ரவரியில் ஆல்-ஸ்டார் வார இறுதியில் சொல்வார்கள், தேர்வானவர்களை ஏப்ரலில் கல்லூரி இறுதிச் சுற்று நேரத்தில். பிப்ரவரிப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஒன்பது பேர் குழுவில் ஏழு ஓட்டு கிடைக்கவில்லை என்று பொருள். பிப்ரவரியில் இருந்து ஏப்ரலில் இல்லையென்றால் 24-ல் 18 கிடைக்கவில்லை. அவரைப் பற்றி நமக்கு வெளியே தெரியவரும் சேதி அந்த அளவுதான்.